கண்டி அரியணைக்கு யாரை நிறுத்துவது?

இலங்கையில் ஒவ்வொரு ஜனாதிபதித் தேர்தலிலும் வாக்காளர் பார்க்காத இன்னொரு தேர்தல் முன்கூட்டியே நடந்து முடிந்துவிடுகிறது. கட்சியின் செயற்குழு கூடுகிறது, இரண்டு மூன்று பெயர்கள் அடிபடுகின்றன, யார் யார் பக்கம் என்று பேரம் நடக்கிறது, பிறகு ஒரே பெயர் வெளியே வருகிறது. 2019-இல் ஐக்கிய தேசியக் கட்சி ரணிலா, சஜித்தா என்று இழுபட்டுச் செப்டம்பர் இறுதியில்தான் சஜித் பிரேமதாசவின் பெயருக்கு வந்து சேர்ந்தது. அமெரிக்காவில் கட்சிக்காரர்களே வாக்களித்துத் தங்கள் வேட்பாளரைத் தெரிவுசெய்யும் முதனிலைத் தேர்தல் இருக்கிறது. நமக்கு அது இல்லை. இந்தப் பழக்கத்தைக் கட்சி அரசியலோடு வந்த நோய் என்று சொல்கிறோம். ஆனால் கண்டியில் இதற்கு முந்நூறு ஆண்டுப் பழமை உண்டு. 1989 ஜனவரி 2-ஆம் திகதி ரணசிங்க பிரேமதாச ஜனாதிபதியாகப் பதவியேற்றது தலதா மாளிகையின் எண்கோண மண்டபமான பத்திரிப்புவவில். அதைக் கட்டுவித்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனும் இதேபோல் ஒரு சிலர் கூடி நிறுத்திய வேட்பாளர்தான். அவனை நிறுத்தியவர்களே பிற்பாடு அவனை அந்நியன் என்றார்கள். அந்தச் சொல்லை நம் பாடநூல்கள் இன்றுவரை அப்படியே நம்பிக்கொண்டிருக்கின்றன. அது தவறு என்பதற்குக் கண்டியின் வரலாறே போதிய சான்று வைத்திருக்கிறது.

1739-இல் வீர நரேந்திரசிங்கன் இறந்தபோது பட்டத்தரசிக்குப் பிள்ளை இல்லை. அரசனுக்கு வேறொரு மனைவியிடம் பிறந்த உனம்புவே பண்டார என்ற மகன் இருந்தான். சிங்களத் தாய்க்குப் பிறந்தவன், ஊரறிந்தவன். அவனுக்கு ஆதரவாகப் பிரதானிகளில் ஒரு பகுதியினர் நின்றார்கள். ஆனால் அரியணை போனது மதுரையிலிருந்து வந்த பட்டத்தரசியின் தம்பிக்கு. அவனே ஸ்ரீ விஜய ராஜசிங்கன், கண்டியின் முதல் நாயக்க மன்னன். இந்தத் தெரிவில் அவன் பக்கம் உறுதியாக நின்றவர் வெலிவிட்ட சரணங்கர தேரர், அந்தக் காலத்துப் பௌத்த மறுமலர்ச்சியின் தலைவர். ஏன் அந்நியனைத் தேர்ந்தார்கள் என்பதற்கு இரண்டு காரணங்கள். அரசன் சத்திரிய குலத்தவனாக, தாய் வழியிலும் சத்திரியனாக இருக்கவேண்டும் என்பது அங்கே முறை. உனம்புவேயின் தாய் அந்தத் தகுதியில் இல்லை. இரண்டாவது காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லியிருக்கமாட்டார்கள், ஆனால் எனக்கு அதுதான் கனமானதாகப் படுகிறது. கண்டியின் பெரிய குடும்பங்கள் ஒன்றுக்கொன்று நிகரானவை. முதன்மை அமைச்சரான அதிகார், மாகாண ஆட்சியாளரான திசாவ பதவிகளுக்கு அவை தலைமுறை தலைமுறையாக மல்லுக்கட்டின. அவற்றில் ஒன்றோடு உறவுள்ளவன் அரசனானால் மற்றவை அவன் முன் மண்டியிட்டாகவேண்டும். மலைநாட்டில் ஒரு வீடும் நிலமும் உறவும் இல்லாத ஒருவனை மேலே வைத்தால் எவருக்கும் தலைகுனிவு இல்லை. நாயக்கன் அந்நியன் என்பது அன்று குறையாகக் கருதப்படவில்லை. அவனைத் தெரிவுசெய்ய உதவிய தகுதிகளில் அதுவும் ஒன்று.

அடுத்து வந்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில் இந்தக் கருத்துக்குக் கடுமையான சோதனை வந்தது. 1753-இல் சியாமிலிருந்து உபாலி தேரரை வரவழைத்து, அற்றுப்போயிருந்த உபசம்பதா என்ற பிக்கு நியமனச் சடங்கை மீட்டுத் தந்தவன் அவன். தம்புள்ளைக் குகைகளைப் புதுப்பித்து, கண்டியைச் சுற்றிக் கங்காராமம், தெகல்தொருவ போன்ற விகாரைகளை எழுப்பியவன். எசல பெரஹராவில் தந்தத்தாதுவை முன்னால் கொண்டுவந்தவன். இத்தனை செய்தும் 1760-இல் அவனைக் கொல்லச் சதி நடந்தது. அரசன் நெற்றியில் திருநீறு பூசுகிறான் என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று. மல்வத்தை விகாரையில் பண என்ற பௌத்த அறவுரை கேட்க அரசனை அழைத்து, ஆசனத்துக்கு அடியில் குழி தோண்டிக் கூர்முளைகள் நட்டு, அதில் விழவைப்பது திட்டம். கோபால முதலி என்ற முஸ்லிம் அலுவலர் துப்புக் கொடுக்க, சதி உடைந்தது. சமனக்கொடி அதிகார் கொல்லப்பட்டார். சதியில் தொடர்புபட்ட சரணங்கர தேரர், இருபது ஆண்டுக்கு முன் நாயக்கரை அரியணை ஏற்றியவர், தலைநகரிலிருந்து அகற்றப்பட்டார்; பின்னர் மன்னிக்கப்பட்டு மீண்டும் தம் இடத்துக்கு வந்தார். இங்கே ஒருவர் மறித்துக் கேட்கலாம்: நாயக்கர் அந்நியர் என்ற வெறுப்பு இதில் தெரியவில்லையா? தெரிவது சமயம் பற்றிய அச்சம். அதை நான் மறுக்கவில்லை, அது உண்மையான அச்சம்தான். ஆனால் சதிகாரர் அரசனாக்க நினைத்தது யாரை? ஒரு சிங்களப் பிரபுவை அல்ல. சியாமிலிருந்து நாடுகடத்தப்பட்டுக் கண்டிக்கு வந்திருந்த தெப்பிபிட் என்ற இளவரசனை. மதுரைக்காரனை அந்நியன் என்று தள்ளிவிட்டு, சியாமின் அயுத்தியாவிலிருந்து ஒருவனைக் கூட்டிவந்து வைப்பதை அந்நிய வெறுப்பு என்று எப்படிச் சொல்வது? ஒரு தெரிவில் தோற்றவர்கள் அடுத்த வேட்பாளரைத் தேடினார்கள், தேடும் திசை மறுபடியும் கடலுக்கு அப்பால்தான் இருந்தது.

கீர்த்தி ஸ்ரீக்குப் பின் ஆண்ட ராஜாதி ராஜசிங்கன் 1798-இல் வாரிசின்றி இறந்தான். இம்முறை தெரிவு ஏறக்குறைய ஒரே மனிதரின் கையில்: முதல் அதிகாரான பிலிமத்தலாவ. அரசியின் தம்பி முத்துசாமி வயதிலும் அனுபவத்திலும் முன்னால் நின்றான். பிலிமத்தலாவ அவனைத் தள்ளிவிட்டு, இன்னோர் அரசியின் சகோதரி மகனான கண்ணுசாமியைத் தேர்ந்தார். பையனுக்குப் பதினெட்டு வயது இருக்கலாம். நாத தேவாலயத்தில் வாளும் பெயரும் சூட்டப்பட்டு அவன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் ஆனான். ஆட்டிவைக்க எளிதான ஒருவன் வேண்டும் என்பதே நோக்கம் என்று ஊகிக்க அதிகம் சிரமப்படவேண்டியதில்லை. பட்டாபிஷேகம் முடிந்து ஓராண்டு திரும்புமுன்னே பிலிமத்தலாவ அவிசாவளைப் பக்கம் ஆங்கிலேய ஆளுநர் பிரெடெரிக் நோர்த்தைச் சந்தித்து, அரசனை அகற்றித் தம்மை அந்த இடத்தில் வைக்க உதவி கேட்டார். முத்துசாமி ஆங்கிலேயர் பக்கம் ஓடிப்போனான். 1803-இல் ஆங்கிலப் படை கண்டிக்குள் நுழைந்து அதே முத்துசாமியை அரசனாக்கியது. நாட்டில் ஒருவரும் அவனிடம் வரவில்லை. ஜூன் 24-ஆம் திகதி மேஜர் டேவியின் காவற்படை சரணடைந்தது. வட்டபுளுவையில் மகாவலி வெள்ளம் தடுக்க, முத்துசாமியைக் கண்டியாரிடம் ஒப்படைத்தார்கள், அவன் கொல்லப்பட்டான். இரண்டு நாயக்கர்கள் போட்டியிட்டார்கள், மலைநாட்டார் ஒருவனைக் கைவிட்டு மற்றவனுக்காகப் போரிட்டார்கள். முத்துசாமி தோற்றது நாயக்கன் என்பதாலா, வெள்ளைக்காரன் கையில் வந்தவன் என்பதாலா? விடை கண்முன் இருக்கிறது.

அந்தப் போரின் சூட்டில் பாடப்பட்ட 'இங்கிரிசி ஹட்டன' ஸ்ரீ விக்கிரமனை வெள்ளையரை வென்ற வீரனாகக் கொண்டாடுகிறது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து பிரதானி எஹெலபொலவின் பக்கம் நின்று பாடிய 'வடிக ஹட்டன' அதே மன்னனைக் கொடிய அந்நியன் என்று வசைபாடுகிறது. இடையில் மாறியது அரசனின் பிறப்பு அல்ல. பிலிமத்தலாவ மிஞ்சியதும் அரசன் அவரைக் கொல்வித்தான்; அடுத்து வந்த எஹெலபொல 1814-இல் சபரகமுவவில் கிளர்ந்து, தோற்று, ஆங்கிலேயரிடம் தஞ்சம் புகுந்தார். பிரதானிகள் ஆட்டிவைக்கக் கொண்டுவந்த பையன் தன் காலில் நின்றுவிட்டான் என்பதே அவர்களின் மெய்யான குறை. கண்டி ஏரியை வெட்டவும் நகரைத் திருத்தவும் அவன் ஆட்களை ஓயாது வேலை வாங்கினான், பிரதானிகளின் பதவிகளைப் பிரித்தும் மாற்றியும் வைத்தான். இவ்விரண்டு காவியங்களும் இன்றைய கட்சிப் பத்திரிகைகளின் வேலையைச் செய்தவை. ஒன்றை மட்டும் வரலாறு என்று எடுத்து மற்றதை மறந்துவிட்டதால்தான் நமக்குக் கோணல் வந்தது.

ஆனால் அரசன் கொடியவன் இல்லையா என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. எஹெலபொல ஓடியபின் அவருடைய பிள்ளைகளைத் தாயின் கண்முன் வெட்டியதும், அந்தத் தாய் குமாரிஹாமியைப் போகம்பரைக் குளத்தில் மூழ்கடித்ததும் எந்த அரசியல் காரணத்தாலும் நியாயமாகாத கொலைகள். அன்றைய கண்டி நகரமே அதைக் கண்டு உறைந்தது, ஆங்கிலேயரின் பிரசாரத்துக்கு அதைவிடப் பெரிய உதவி கிடைத்திருக்காது. ஆயினும் இந்தக் கொடுமையை அவன் பிறப்போடு முடிச்சுப் போடுவது வேறு விஷயம். சிங்கள மன்னனான இரண்டாம் ராஜசிங்கனின் கொடுமைகளை, அவன் கையில் சிறைப்பட்டிருந்த ராபர்ட் நொக்ஸ் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். 1664-இல் நிலம்பையில் பிரதானிகள் அந்த மன்னன் மீதும் கிளர்ந்து, அவனுடைய மகனை அரசனாக்கப் பார்த்தார்கள். அரசனைத் தூக்கி எறிந்து வேறொருவனை நிறுத்துவது கண்டிப் பிரதானிகளின் பழக்கம். மன்னன் சிங்களவனாக இருந்தாலும் அது நடந்தது, நாயக்கனாக இருந்தாலும் நடந்தது.

எதிர்வாதத்தின் மிகப் பலமான சான்று, ஸ்ரீ விக்கிரமனை அகற்றியபின் ஆங்கிலேயர் பிரதானிகளோடு செய்த 1815 மார்ச் 2-ஆம் திகதிய கண்டி ஒப்பந்தம். அரசனின் உறவினரான 'மலபார்' ஆண்கள் அனைவரும் அரியணைக்குரிய உரிமையை இழந்தார்கள், அனுமதியின்றி மலைநாட்டுக்குள் வந்தால் மரண தண்டனை என்று அது சொல்கிறது. பிரதானிகள் ஒப்பமிட்டார்கள், ஆகவே இது நாட்டின் குரல் என்பார்கள். ஆனால் அந்த வாசகங்களால் யாருக்கு இலாபம்? பன்னிரண்டு ஆண்டுக்கு முன் ஒரு நாயக்கனைத் தாங்களே கண்டியில் முடிசூட்டியவர்கள் ஆங்கிலேயர். இனி யாரும் அதே வழியில் இன்னொரு நாயக்கனைக் கொண்டுவந்து நிறுத்தக்கூடாது என்பது அவர்களுடைய தேவை. ஆங்கிலேய அலுவலர் ஜோன் டொய்லியின் மேற்பார்வையில் உருவான ஆவணத்தில் அந்தத் தேவை சட்டமாயிற்று. அதில் ஒப்பமிட்ட பிரதானிகளில் சிலர் தமிழ் எழுத்தில் ஒப்பமிட்டிருக்கிறார்கள். தமிழ் அவர்களுக்கு அரசவையிலும் கடிதத்திலும் பழகிய எழுத்து. ஒப்பந்தம் வாசிக்கப்பட்ட மகுல் மடுவ, செதுக்கிய மரத்தூண்கள் வரிசையாக நிற்கும் அந்த மண்டபம், ராஜாதி ராஜசிங்கன் என்ற நாயக்க மன்னன் கட்டத் தொடங்கியது. அந்நியர் என்று தள்ளப்பட்டவர்களின் கை படாத ஓரிடத்தைக் கண்டி அரண்மனை வளாகத்தில் காண்பது கடினம். அவர்களுடைய உறவினர் குடியிருந்த தெரு மலபார் வீதி என்று பெயர் பெற்றது.

இதற்கெல்லாம் மேலான சான்று, ஒப்பந்தம் முடிந்து மூன்று ஆண்டு ஆகுமுன்பே வந்தது. 1817-இன் பிற்பகுதியில் ஊவாவில் ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்த கிளர்ச்சி மலைநாட்டின் பெரும்பகுதியில் பற்றியது. கெப்பெட்டிபொல உட்பட, ஒப்பந்தக் காலத்துப் பிரதானிகள் பலர் அதில் சேர்ந்தார்கள். ஒரு மன்னன் தேவைப்பட்டான். யாரை நிறுத்தினார்கள்? முன்னர் பிக்குவாக இருந்து காவியைக் களைந்த வில்பாவே என்ற சிங்களவனை. ஆனால் அவன் தன்னைச் சிங்களவன் என்று காட்டிக்கொள்ளவில்லை. வேலூருக்கு நாடுகடத்தப்பட்ட மன்னனின் உறவினனான துரைசாமி என்று சொல்லிக்கொண்டான், அந்தப் பெயரால் மக்கள் அவன் பின்னால் திரண்டார்கள். நாயக்கரை மலைநாடு வெறுத்துத் துரத்தியது உண்மையானால், மூன்றே ஆண்டில் ஒரு சிங்களவன் நாயக்கப் பெயரைப் பூண்டு ஆள் சேர்க்க முடிந்திருக்காது. இந்த ஒரு நிகழ்ச்சி 'வடிக ஹட்டன'வின் வசை முழுவதையும் பொய்யாக்குகிறது. தமிழர் பக்கமும் இதை நிதானமாகப் படிக்கவேண்டும். 'கடைசித் தமிழ் மன்னன்' என்று வேலூரில் பாலாற்றங்கரையிலுள்ள முத்து மண்டபத்துக்கு மாலையிடுகிறோம். தெலுங்கு வழி வந்து, தமிழைப் புழங்கி, பௌத்த விகாரைகளுக்கு நிலம் எழுதிவைத்து, சிங்களப் பிரபுக்களின் தெரிவால் ஆண்ட ஒரு குடும்பத்தை ஒரே கொடிக்குள் சுருட்டுவதும், அந்நியர் என்று ஒதுக்குவதும் ஒரே பிழையின் இரு பக்கங்கள்.

பிரதானிகள் அந்தத் தெரிவுரிமையை எப்படி இழந்தார்கள் என்பது கதையின் மீதி. 1818 நவம்பரில் கெப்பெட்டிபொலவின் தலை போகம்பரையில் விழுந்தது. அதே மாதம் 21-ஆம் திகதி ஆளுநர் பிரவுன்றிக் வெளியிட்ட பிரகடனம் பிரதானிகளின் அதிகாரங்களை ஆங்கிலேய அலுவலர்களின் கீழே கொண்டுவந்தது. அரசனைத் தூக்கி எறிந்தால் அந்த இடம் தமக்குக் கிடைக்கும் என்று எதிர்பார்த்திருந்த எஹெலபொல, சந்தேகத்தின் பேரில் பிடிக்கப்பட்டுப் பின்னர் மொரீசியஸ் தீவுக்கு அனுப்பப்பட்டார். 1829-இல் அங்கேயே இறந்தார். அவர் அந்நியன் என்று துரத்திய ஸ்ரீ விக்கிரமன் வேலூர்க் கோட்டையில் 1832 ஜனவரி 30 வரை உயிரோடு இருந்தான். யாரை அரசனாக நிறுத்துவது என்று தீர்மானிக்கும் அதிகாரம் அதற்குப்பின் கண்டிப் பிரதானிகளிடம் திரும்பி வரவில்லை.