மீன் சந்தை மைதானத்துப் பெண்கள்

லைபீரியாவின் போர் 2003 ஆகஸ்டு 18இல் முடிந்தது என்று எழுதியிருக்கிறார்கள். கானாவின் தலைநகர் அக்ராவில் அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. சண்டை போட்ட மூன்று தரப்புக்கும் கையெழுத்துப் போட்டவர்கள் ஆண்கள். அந்த மண்டபத்துக் கதவுக்கு வெளியே தரையில உக்காந்திருந்த பொம்பளைங்க கதை வேறு. அதைச் சொல்லாமல் லைபீரியச் சமாதானத்தின் வரலாறு என்று ஒன்று கிடையாது.

முதலில் அந்த நாட்டைப் பற்றி. அமெரிக்காவில் அடிமைகளாக இருந்து விடுதலையான கருப்பர்களும் அவர்களது சந்ததியினரும் 1822லிருந்து கப்பலில் வந்து இறங்கிய கரை அது. 1847இல் குடியரசு என்று அறிவித்துக்கொண்டார்கள். மக்கள்தொகையில் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இருக்கமாட்டார்கள். ஆனால் அங்கே ஏற்கெனவே வாழ்ந்த பெல்லே, பாஸ்ஸா, கியோ, மனோ, கிரான் மக்களை ‘நாகரிகமற்றவர்கள்’ என்று ஒதுக்கி, 1980 வரை ஆண்டார்கள். பூர்வகுடிகளுக்கு 1940கள் வரை ஓட்டுரிமை கிடையாது. கட்டாய வேலைக்கு ஆள்பிடித்துப் பெர்னாண்டோ போ தீவுத் தோட்டங்களுக்கு அனுப்பியதைச் சர்வதேச விசாரணைக் குழு 1930இல் அம்பலப்படுத்த, ஜனாதிபதியே பதவி விலக வேண்டிவந்தது. சங்கிலியில் கிடந்தவர்களின் பிள்ளைகள் ஆண்டைகளானார்கள். இது யாருக்கும் நடக்கக்கூடியது என்பதுதான் பயங்கரம்.

1980இல் சாமுவேல் டோ என்ற சார்ஜண்ட் ஆட்சியைப் பிடித்தார். பூர்வகுடி ஒருவன் ஜனாதிபதியாயிட்டான்னு ஜனங்க தெருவில் ஆடினாங்க. ஆனால் டோ தன்னுடைய கிரான் இனத்தாரைக் கொண்டு மற்ற இனங்களை நசுக்கினார். 1989 டிசம்பரில் சார்லஸ் டெய்லர் எல்லை தாண்டிப் படையோடு வந்தார். போர் தொடங்கிற்று.

லேமா போவீ அப்போது பள்ளிப்படிப்பு முடித்திருந்த பதினேழு வயதுப் பெண். பெல்லே இனத்தவர், டாக்டராக வேண்டும் என்பது ஆசை. ஆசையெல்லாம் அத்தோட போச்சு. பிறகு அடிக்கிற துணைவன், பிள்ளைகள், கானாவில் அகதி வாழ்க்கை, பட்டினி. கையில் காசில்லாமல் கடன் சொல்லி பஸ் ஏறி, ஒரு வாரத்துக்கும் மேல் பயணம் செய்து, மூன்று பிள்ளைகளோடு ஊர் திரும்பினார். ஊரிலும் போர்தான்.

1998இல் மன்ரோவியாவின் புனித பேதுரு லூத்தரன் தேவாலயத்தில் இயங்கிய மனக்காயம் ஆற்றும் திட்டத்தில் சம்பளமில்லாமல் சேர்ந்தார். அதே கோயில் வளாகத்தில்தான் 1990 ஜூலை 29 இரவு, அடைக்கலம் புகுந்திருந்த சுமார் 600 பேரை டோவின் படையினர் கொன்றார்கள். அங்கே உட்கார்ந்துகொண்டு, டெய்லரின் படையில் துப்பாக்கி தூக்கியிருந்த பையன்களோடு பேசுவது லேமாவின் வேலை. கொன்றவனும் ஒரு தாயின் பிள்ளையாக எதிரே உட்கார்ந்திருந்தான். கை கால் இழந்தவன், யாரும் சேர்த்துக்கொள்ளாதவன். சமாதானம் பற்றி அவர் படித்த பள்ளிக்கூடம் அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

1999இல் இரண்டாவது போர் மூண்டது. கிறிஸ்தவப் பெண்களைத் திரட்டத் தொடங்கினார் லேமா. ஆசாத்து பா கென்னத் என்ற போலீஸ் அதிகாரி எழுந்து, முஸ்லிம் பெண்களையும் அழைத்துவருகிறேன் என்றார். சர்ச்சுப் பெண்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை. குண்டு வந்து விழும்போது மதம் கேட்டுக்கிட்டா விழுதுன்னு பேசித்தான் சேர்த்தாங்க. வெள்ளிக்கிழமை மசூதி, சனிக்கிழமை சந்தை, ஞாயிறு சர்ச் என்று நோட்டீஸ் கொடுத்தார்கள். எழுத்து தெரியாதவர்களுக்குப் படம் போட்ட நோட்டீஸ்.

2003இல் வெள்ளை பனியன், தலையில் வெள்ளைத் துணி, நகை எதுவும் இல்லாமல், டெய்லரின் கார் போகிற வழியில் மீன் சந்தை பக்கத்து மைதானத்தில் உட்கார்ந்தார்கள். வெயிலிலும் மழையிலும் நாள்தோறும். புருஷன்மாரோடு படுக்க மாட்டோம் என்றும் அறிவித்தார்கள். வெளிநாட்டுப் பத்திரிகைகள் இதை மட்டும் பிடித்துக்கொண்டன. நடைமுறையில் அதனால் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, பேர் பரவியதுதான் லாபம் என்று லேமாவே சொல்லியிருக்கிறார். 2008இல் இவர்களைப் பற்றிப் படம் எடுத்தவர்களுக்கு அந்தப் பெண்களின் பழைய காட்சிகள் கிடைப்பதே பெரும்பாடாகிவிட்டது. காமிராக்கள் துப்பாக்கிப் பையன்களைத்தானே படம்பிடித்தன?

ஏப்ரல் 23இல் டெய்லர் பெண்களைச் சந்திக்க ஒப்புக்கொண்டார். லேமா பேசினார், டெய்லரிடம் அல்ல, அங்கிருந்த ஒரே பெண் அதிகாரியான செனட் தலைவி கிரேஸ் மைனரைப் பார்த்து. ஜூனில் கானாவில் பேச்சுவார்த்தை ஆரம்பித்தது. வாரக்கணக்கில் ஓட்டல் அறை, சாப்பாடு என்று தளபதிகள் சுகமாக இருக்க, மன்ரோவியாவில் ஷெல் விழுந்துகொண்டிருந்தது. ஜூலை 21 அன்று பெண்கள் மண்டபக் கதவை மறித்துக் கைகோர்த்து உட்கார்ந்தார்கள். கானாவின் அகதி முகாமிலிருந்த லைபீரியப் பெண்களும் அவர்களோடு சேர்ந்திருந்தார்கள். கைது செய்யக் காவலர் வந்ததும் லேமா எழுந்து உடுப்பை அவிழ்க்கத் தொடங்கினார். தாய் தானாக நிர்வாணமாவதைப் பார்ப்பது மேற்கு ஆப்பிரிக்காவில் பெரும் சாபம். மத்தியஸ்தரான நைஜீரியாவின் முன்னாள் ராணுவ ஆட்சியாளர் அபுபக்கர் வெளியே வந்து காவலரைத் தடுத்தார். ஒரு தளபதி பெண்களைத் தாண்டிப்போக முயன்றபோது உள்ளே போகச் சொன்னதும் அவர்தான். அதன்பிறகுதான் பேச்சில் வேகம் வந்தது. ஆகஸ்டு 11இல் டெய்லர் பதவி விலகி நைஜீரியாவுக்குப் போனார்.

ஒப்பந்தத்தில் யாருக்கு என்ன கிடைத்தது? டெய்லர் தரப்புக்கு ஐந்து அமைச்சகம், இரண்டு கிளர்ச்சிப் படைக்கும் ஐந்தைந்து. தரையில் உட்கார்ந்தவர்களுக்கு வேலைதான் மிச்சம். டிசம்பரில் ஐ.நா. ஆயுதம் வாங்க முகாம் திறந்தது. ஆயிரம் பேர் வருவார்கள் என்று கணக்குப் போட்டார்கள். மூவாயிரம் பேர் வந்து கலவரமாயிற்று. அந்தப் பையன்களைச் சாந்தப்படுத்தப் பெண்கள்தான் போனார்கள். பிறகு சந்தை சந்தையாய்ப் போய்ப் பெண்களை வாக்காளர் பட்டியலில் சேர்த்தார்கள். 2005 தேர்தலில் எல்லன் ஜான்சன் சர்லீஃப் வென்றார்.

2011இல் லேமாவுக்கும் சர்லீஃபுக்கும் ஏமன் நாட்டுத் தவக்குல் கர்மானுக்கும் நோபல் பரிசு. மறு வருஷமே, ஜனாதிபதி தன் பிள்ளைகளைப் பதவியில் வைத்திருப்பதையும் ஏழைகளை மறந்துவிட்டதையும் கண்டித்து, நல்லிணக்க முயற்சியின் தலைமைப் பொறுப்பிலிருந்து லேமா விலகினார். பரிசு அவர் வாயை அடைக்கவில்லை.

டெய்லருக்கு 2012இல் 50 ஆண்டு சிறை. அதுவும் பக்கத்து நாடான சியரா லியோனில் செய்த குற்றங்களுக்காக. லைபீரியாவில் இரண்டு போர்களிலும் செத்தவர்கள் இரண்டரை லட்சம் என்கிறார்கள். தேவாலயப் படுகொலைக்கு ஒரு படைத் தளபதி பொறுப்பு என்று 2021இல் தீர்ப்புச் சொன்னது அமெரிக்க நீதிமன்றம், அதுவும் உரிமையியல் வழக்கில். போர்க்குற்ற நீதிமன்றம் அமைக்க ஓர் அலுவலகம் திறக்கும் ஆணையில் லைபீரிய ஜனாதிபதி கையெழுத்திட்டது 2024 மே மாதம். ஒப்பந்தம் கையெழுத்தாகி இருபது வருஷம் கழிந்திருந்தது.