சிரிக்க வைத்த போர் ஆஸ்பத்திரியும், பாராசூட்டில் குதித்த நம்ம டாக்டரும்

1/ மக்களே, "மேஷ்"னு ஒரு பழைய அமெரிக்க டிவி தொடர். கொரியப் போர்ல ஒரு கூடார ஆஸ்பத்திரி, அதுல வேலை பார்க்கிற ஒழுங்குக்கே அடங்காத ஒரு கும்பல். இதுதான் கதை.

2/ ஹாக்ஐ கெட்டிக்கார சர்ஜன், ஆனா ராணுவ மரியாதையெல்லாம் வராது. கிளிங்கர், எப்படியாவது வீட்டுக்கு அனுப்பிடுவாங்கன்னு பெண்கள் கவுன் போட்டு சுத்துவார். குமாஸ்தா ரேடாருக்கு ஹெலிகாப்டர் சத்தம் எல்லாருக்கும் முன்னாடி கேட்டுடும்.

3/ நிஜப் போர் 1950 முதல் 1953 வரை. தொடர் ஓடியது 1972 முதல் 1983 வரை! பின்னணியில் சிரிப்புச் சத்தம் சேர்த்தார்கள். ஆனால் ஆபரேஷன் தியேட்டர் காட்சிகளில் அது கூடாது என்று தயாரித்தவர்கள் பிடிவாதமாக நின்றார்கள். ஒரு டாக்டரா எனக்கு அங்கதான் மரியாதை வந்தது.

4/ மூலக்கதையை எழுதியவரும் டாக்டர்தான். அங்கே நிஜமாவே வேலை பார்த்த சர்ஜன் ஹார்ன்பெர்கர், புனைபெயரில் 1968-ல் வெளியிட்ட நாவல் அது.

5/ இப்போ நம்ம ஊர் பக்கம். இந்தியா அந்தப் போருக்குச் சண்டை போட ஆள் அனுப்பவில்லை. 60-வது பாராசூட் கள மருத்துவப் பிரிவை மட்டும் அனுப்பியது. தலைவர் லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ். பெயரில் இருக்கும் அந்த "ஏ", ஆற்காடு!

6/ 1950 டிசம்பர். பியோங்யாங்கை விட்டுப் பின்வாங்க உத்தரவு. வண்டி இல்லை. மருத்துவக் கருவிகளை விட்டுட்டுப் போக மனசும் இல்லை. ஒரு பழைய நீராவி இன்ஜினைத் தேடிப் பிடித்து, சாமான்களை ஏற்றி, இவர்களே ஓட்டிக்கொண்டு தெற்கே வந்து சேர்ந்தார்கள்.

7/ 1951 மார்ச் 23. முன்சான்-னியில் அமெரிக்க பாராசூட் படையோடு ரங்கராஜின் 12 பேர் குழுவும் வானத்திலிருந்து குதித்தது. குதித்த இடத்திலேயே சிகிச்சை. அவருக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது. பிறகு உலக சுகாதார நிறுவனத்துக்காக ஆப்கானிஸ்தானில் பெரியம்மை ஒழிப்பிலும் உழைத்தார்.

8/ இதனால என்ன லாபம்? உயிரோடு ஆஸ்பத்திரி வந்து சேர்ந்த அமெரிக்க வீரர்களில் இறந்தவர்கள் இரண்டாம் உலகப் போரில் 4.5 சதவீதம். கொரியாவில் 2.5 சதவீதம். ரத்தக்குழாயைத் தைத்துச் சரிசெய்யும் முறை வந்ததால், முக்கிய ரத்தக்குழாய் அறுந்தவர்களில் கால் கை இழந்தவர்கள் சுமார் 49-லிருந்து 13 சதவீதமாகக் குறைந்தார்கள்.

9/ ரகசியம் ஒண்ணுதான். நோயாளி ஆஸ்பத்திரியைத் தேடி அலையக் கூடாது, ஆஸ்பத்திரி பக்கத்துல வரணும்.

10/ பழவேற்காடு ஏரியில் பசியாவரத்தை நினைச்சுப் பாருங்க. சுற்றிலும் தண்ணி. பிரசவ வலியோ, நெஞ்சுவலியோ, பாம்புக்கடியோ, தலைமுறை தலைமுறையா படகு ஏறித்தான் கரைக்கு வந்திருக்காங்க. ரங்கராஜ் எதிரியோடு போட்டி போட்ட அதே நிமிஷங்களோடு இவங்க காத்தோடயும் தண்ணியோடயும் போட்டி போட்டிருக்காங்க. போர் இல்லாமலேயே.

11/ அதனால இதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. படகு இன்ஜின் விசிறியோ கத்தியோ பட்டு ரத்தம் கொட்டினா, சுத்தமான துணியை வெச்சு அழுத்திப் பிடிங்க. நின்னுச்சான்னு அடிக்கடி எடுத்துப் பார்க்காதீங்க. காபித்தூள், மஞ்சள் எதுவும் வேண்டாம். ஒருத்தர் அழுத்தும்போதே இன்னொருத்தர் 108-ஐக் கூப்பிடட்டும்.

12/ டாக்டர் வர்ற வரைக்கும் அந்தக் கூடார ஆஸ்பத்திரி உங்க ரெண்டு கைதான்.