நோயும் நகரமும்: மான்ட்ரியலின் இரு மலிவுப் படங்கள்

இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் திகிற்படங்களைப் பற்றிய கட்டுரைக்கு என்ன வேலை என்று வினவும் அன்பர்கள் இருக்கக்கூடும். அவர்தம் ஐயம் நியாயமானதே. மதிப்புக்குரிய நூல்களையும் ஏடுகளையும் கொண்டே நாம் வரலாற்றை எழுதிப் பழகியவர்கள். எனினும் ஒரு நகரம் தன் அச்சங்களை எங்கே ஒளித்து வைத்திருக்கிறது என்று தேடப் புகுந்தால், ஆவணக் காப்பகத்தை விட்டு இறங்கி, இரவுக் காட்சிக் கொட்டகைக்கும் போய்வர வேண்டியதாகிறது. கனடாவின் மான்ட்ரியல் நகரில், டேவிட் குரோனன்பெர்க் என்னும் இளைஞர் சொற்ப முதலில் எடுத்த 'ஷிவர்ஸ்' (1975), 'ரேபிட்' (1977) ஆகிய இரு படங்களும் அத்தகைய ஒளிவிடங்கள் என்பது என் கருத்து. இரண்டிலும் கதை ஒன்றுதான்: ஒரு பெருநகரில் தொற்று பரவுகிறது, அதைத் தடுக்க எவராலும் முடியவில்லை.

தொற்றைப் பற்றிய நகரப் படங்கள் குரோனன்பெர்க்கோடு தொடங்கியவை அல்ல. 1947ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மெக்சிகோவிலிருந்து பேருந்தில் வந்த ஒரு வணிகரால் நியூயார்க்கில் பெரியம்மை நுழைந்தது. நோய் கண்டவர் பன்னிருவர்; இறந்தவர் இருவர். ஆனால் ஒரு மாத காலத்திற்குள் அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வரிசையில் நின்று அம்மைப்பால் குத்திக்கொண்டனர். அந்நிகழ்ச்சியை ஒட்டிக் கொலம்பியா நிறுவனம் 1950இல் 'தி கில்லர் தட் ஸ்டாக்டு நியூயார்க்' என்னும் படத்தைச் சிக்கனமாக எடுத்து வெளியிட்டது. கியூபாவிலிருந்து வைரம் கடத்திவரும் பெண்ணொருத்தி, தன்னை அறியாமலே நோயையும் கடத்தி வருகிறாள். சுகாதாரத் துறையினர் அவள் தொட்டவர்களை ஒருவர்பின் ஒருவராகத் தேடிச் செல்கின்றனர். அதனைத் திகிற்படம் என்று சொல்லிவிட முடியாது. துப்பறியும் படத்தின் சாயலே மிகுதி. நமக்கு வேண்டுவது அதிலுள்ள நம்பிக்கை. அரசு மருத்துவர் சொன்னால் மக்கள் கேட்பர், ஊசி வந்தால் நோய் போகும் என்பதில் அப்படத்திற்கு ஐயமே இல்லை. கால் நூற்றாண்டுக்குப் பின் வந்த மான்ட்ரியல் படங்களில் அந்த நம்பிக்கையின் சுவடுகூடக் காண்பதற்கில்லை.

இவ்வகைப் படங்களின் வறுமையைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். பணமில்லாத இயக்குநர் அரங்கம் அமைக்க இயலாது. இருக்கும் நகரத்தையே அரங்கமாகக் கொள்ள வேண்டும். 1964இல் வெளிவந்த 'தி லாஸ்ட் மேன் ஆன் எர்த்' படத்தின் கதை அமெரிக்காவில் நிகழ்வது. படமெடுத்ததோ செலவு குறைந்த ரோம் நகரில். முசோலினி தன் பொருட்காட்சிக்கெனத் திட்டமிட்ட புறநகர்ப் பகுதியின் வெண்ணிறக் கட்டடங்களுக்கிடையே, கொள்ளைநோயில் எஞ்சிய ஒற்றை மனிதனாக வின்சென்ட் பிரைஸ் நடக்கிறார். இறந்துபோன அவருடைய மகளின் உடலைப் படையினர் லாரியில் ஏற்றிச் சென்று எரிகுழியில் எறிகின்றனர். பெரும்பொருட் செலவில் எழுப்பிய எந்த அரங்கமும் அந்த வெறுந்தெருக்களின் மௌனத்தைத் தந்திருக்க முடியுமா என்பது ஐயமே. வறுமை இங்கே கலையின் கையைக் கட்டவில்லை, நகரத்தின் மெய்யான முகத்தைக் காட்டும்படி செய்துவிட்டது.

'ஷிவர்ஸ்' படத்திலும் நிகழ்ந்தது அதுவே. ஏறத்தாழ ஒரு லட்சத்து எண்பதாயிரம் கனேடிய டாலரில், பதினைந்தே நாட்களில் அது எடுத்து முடிக்கப்பட்டது. கதை முழுவதும் ஆற்றின் நடுவிலுள்ள தீவொன்றில் எழுந்த புதிய அடுக்குமாடிக் குடியிருப்பில் நிகழ்கிறது. மான்ட்ரியலை அடுத்த கன்னியர் தீவில், கட்டடக் கலையில் பெரும் பெயர் பெற்ற மீஸ் வான் டெர் ரோஹே வடிவமைத்த மாடிவீடுகளே படப்பிடிப்புக்குப் பயன்பட்டன. அக்குடியிருப்பைப் புகழ்ந்து வீடு விற்கும் விளம்பரத்தோடு படம் தொடங்குகிறது. கடை உண்டு, நீச்சல் குளம் உண்டு, மருத்துவரும் உள்ளேயே உண்டு. வெளியே போகவே வேண்டாம் என்று இனிய குரல் ஒன்று கூறுகிறது. மருத்துவர் ஒருவர் ஆய்வுக்கென வளர்த்த ஒட்டுண்ணிப் புழு அங்கிருந்து மனிதருக்கு மனிதர் தாவுகிறது. நீர்க்குழாய் வழியே குளியல் தொட்டியில் ஏறுகிறது. தொற்றியவர் காமவெறி கொண்டு அடுத்தவரைத் தேடுகின்றனர். இறுதிக் காட்சியில் குடியிருப்பினர் அனைவரும் நன்றாக உடுத்தி, முகமலர்ச்சியோடு கார்களில் ஏறி, விளக்கெரியும் நகரத்தை நோக்கிச் செல்கின்றனர். அருவருப்பான காட்சிகள் படத்தில் நிறைய உண்டு. சிலவற்றை நான் முகம் திருப்பியே கடந்தேன். அந்தக் கார்வரிசையை மட்டும் இன்றுவரை மறக்க இயலவில்லை.

படம் வெளிவந்ததும் எழுந்த கூச்சல் அதன் கதையைக் காட்டிலும் சுவையானது. தயாரிப்புச் செலவில் ஒரு பகுதி கனேடியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் வழியாக வந்த அரசுப் பணம். 'சாட்டர்டே நைட்' ஏட்டில் ராபர்ட் ஃபுல்ஃபோர்டு, மார்ஷல் டெலானி என்னும் புனைபெயரில், இக்குப்பைக்கு விலை கொடுத்தவர்கள் வரிசெலுத்தும் நீங்கள்தாம் என்று வாசகரைச் சாடி எழுதினார். விவகாரம் நாடாளுமன்றம் வரை சென்றது. டொராண்டோவில் குடியிருந்த வீட்டை விட்டு, ஒழுக்க விதியைக் காட்டித் தம்மை வெளியேற்றிவிட்டார்கள் என்று குரோனன்பெர்க் பின்னாளில் கூறியிருக்கிறார். குடியிருப்பொன்றைப் பற்றிப் படமெடுத்தவருக்குக் குடியிருப்பே இல்லாமற் போயிற்று! வேடிக்கை என்னவெனில், கழகம் உதவிய படங்களுள் போட்ட பணத்தைத் திருப்பித் தந்த சிலவற்றுள் இதுவும் ஒன்று.

அடுத்த படமான 'ரேபிட்' கட்டடத்தை விட்டு நகரத் தெருவிலேயே இறங்கிவிட்டது. விபத்தில் சிக்கிய ரோஸ் என்னும் பெண்ணுக்கு ஒட்டறுவை செய்கின்றனர். அதன் விளைவாக அவள் அக்குளில் குருதி உறிஞ்சும் கொடுக்கு ஒன்று முளைக்கிறது. அவளால் தீண்டப்பட்டவர் வெறிநோய் கொண்டு பிறரைக் கடிக்கின்றனர். அவளுக்கோ நோய் இல்லை. தானே காரணம் என்பதும் தெரியாது. சுரங்க ரயிலில் ஒருவன் வெறிகொண்டு பாய்கிறான். நகரில் இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்படுகிறது. அங்காடி வளாகத்தில் நோயாளியைக் குறிவைத்த காவலரின் குண்டுகள் பட்டுக் கிறிஸ்துமஸ் தாத்தா வேடமிட்டவர் சாய்கிறார். கடைசியில் உண்மையை உணர்ந்த ரோஸ், அதைச் சோதித்தறியவே தான் தீண்டிய ஒருவனோடு அறையில் தங்கி மாள்கிறாள். விடிந்ததும் பாதுகாப்பு உடை அணிந்தவர்கள் அவள் உடலைத் தூக்கிக் குப்பை லாரியில் எறிகின்றனர்.

இக்காட்சிகளை 1977இல் மான்ட்ரியல் கொட்டகையில் அமர்ந்து பார்த்தவர்களுக்குத் தெருமுனையில் துப்பாக்கியோடு நிற்கும் படைவீரன் கற்பனை அல்லன். ஏழாண்டுகளுக்கு முன், 1970 அக்டோபரில், கியூபெக் விடுதலை முன்னணியினர் பிரித்தானியத் தூதரக அதிகாரி ஜேம்ஸ் கிராசையும், மாநில அமைச்சர் பியேர் லாபோர்ட்டையும் கடத்தினர். படைகள் நகருக்குள் வந்தன. அக்டோபர் 16ஆம் நாள் பிரதமர் பியேர் ட்ரூடோவின் அரசு போர்க்கால நடவடிக்கைச் சட்டத்தை அமலாக்கியது. மறுநாள் லாபோர்ட் பிணமாகக் கண்டெடுக்கப்பட்டார். ஏறத்தாழ ஐந்நூறு பேர் பிடியாணையின்றிக் கைதாயினர். கவிஞர்களும் பாடகர்களும் அவர்களுள் இருந்தனர். பெரும்பாலோர்மீது குற்றச்சாட்டே பதிவாகவில்லை. இயக்குநர் இதை எண்ணித்தான் காட்சிகளை அமைத்தாரா என்பது வேறு. பார்த்தவர் எண்ணாதிருந்திருக்க முடியாது.

ஆனால் மான்ட்ரியலின் அச்சத்திற்கு இதனினும் ஆழமான வேர் உண்டு. 1885 பிப்ரவரி இறுதியில் சிகாகோவிலிருந்து வந்த ரயிலில் பணியாற்றிய நடத்துநர் ஒருவர் பெரியம்மையோடு நகரில் இறங்கினார். கன்னியர் நடத்திய மருத்துவமனை ஒன்று இரக்கங்கொண்டு அவரைச் சேர்த்துக்கொண்டது. அவர் பிழைத்தார், அங்குப் பணிபுரிந்த பெண்ணொருத்தி இறந்தாள். நோய் தெரிந்ததும், அறிகுறி காணாதவர்களையெல்லாம் மருத்துவமனை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அவர்களோடு நோயும் வீடு சென்றது. அவ்வேளையில் குத்தப்பட்ட அம்மைப்பாலும் தூய்மையற்றதாக அமைந்து சிலருக்குத் தோலழற்சி உண்டாக்கவே, குத்தும் பணி சில மாதங்கள் நிறுத்தப்பட்டது. அந்த இடைவெளியே நகரைக் கொன்றது எனலாம்.

ஆங்கிலம் பேசுவோரில் பலர் முன்பே குத்திக்கொண்டவர்கள். பிரெஞ்சு பேசும் ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த கிழக்குப் பகுதியிலோ ஊசி என்றால் ஆங்கிலேயரின் சூழ்ச்சி என்னும் எண்ணம் வேரோடியிருந்தது. மருத்துவர்களிலேயே சிலர் அதனை எதிர்த்தனர். மேற்கே லூயி ரியேலின் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டு, அவர் தூக்குமேடையை எதிர்நோக்கியிருந்த ஆண்டு அது. இரு மொழியினரிடையே கசப்பு முற்றியிருந்தது. வீட்டுக் கதவில் ஒட்டப்பட்ட நோய் அறிவிப்புத் தாள்களை மக்கள் கிழித்தெறிந்தனர். நோயுற்ற பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்துத் தனிமனைக்குக் கொண்டுபோக வந்தவர்களோடு கைகலந்தனர். செப்டம்பர் 28ஆம் நாள் அம்மை குத்துதல் கட்டாயமாக்கப்பட்டபோது, அன்றிரவே கூட்டம் திரண்டு சுகாதார அலுவலகத்தை நொறுக்கியது. காவல்துறைத் தலைவரும் காயமுற்றார். துருப்புகளை அழைக்க வேண்டியதாயிற்று.

அன்று நகரத்தின் மேயர் ஒனோரே போகிரான். பத்திரிகையாளர், எழுத்தாளர். சாத்தானோடு ஒப்பந்தம் செய்துகொண்டு வானில் ஓடம் செலுத்தும் மரவெட்டிகளின் நாட்டுப்புறக் கதையைப் பின்னாளில் எழுதிப் புகழ்பெற்றவர் இவரே. திகிற்கதை எழுதவல்ல மேயர் வாய்த்த நகரம் வேறு உண்டோ அறியேன். ஊசிக்கு எதிராகத் துண்டறிக்கைகள் வெளியிட்டு முழங்கிய மருத்துவர் அலெக்சாண்டர் மில்டன் ராஸ் என்பவரை, ஒன்டாரியோ செல்லும் ரயிலில் சுகாதாரச் சோதகர்கள் நிறுத்திக் கையைப் பார்த்தனர். அண்மையில் அம்மை குத்திக்கொண்ட தழும்பு அதில் இருந்தது! அவர் சொற்படி நடந்த ஏழைகளின் பிள்ளைகளுக்கு அத்தகைய தழும்பு இல்லை. அவ்வாண்டின் கொள்ளைநோய் நகரில் மட்டும் மூவாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. பெரும்பாலோர் பிரெஞ்சுக் குடும்பத்தினர், அவர்களிலும் பெரும்பாலோர் குழந்தைகள். வரலாற்றறிஞர் மைக்கேல் பிளிஸ் 1991இல் இதற்கென ஒரு முழு நூலே எழுதினார்.

இங்கே ஓர் ஒற்றுமை குறிப்பிடத்தக்கது. மான்ட்ரியல் பெரியம்மையால் அழிந்துகொண்டிருந்த அதே 1885 ஜூலையில்தான் பாரிசில் லூயி பாஸ்டர் வெறிநாய்க்கடிக்கான ஊசியை ஒரு சிறுவனுக்கு முதன்முதலாகச் செலுத்தினார். குரோனன்பெர்க் தம் படத்திற்குத் தேர்ந்த நோயும் அதுவே. மெய்யான வெறிநோய் மனிதரிடமிருந்து மனிதருக்கு அவ்வாறு பரவுவதில்லை என்பதை மருத்துவர் எவரும் கூறுவர். படத்தின் மருத்துவ அறிவை நான் பாராட்ட முன்வரவில்லை. அது நகரின் மனத்தை அறிந்திருந்தது என்பதே நான் சொல்வது. அயலான் மூச்சில் எமன் இருக்கிறான் என்ற அச்சம், காக்க வந்தவன் கையில் துப்பாக்கி இருக்கிறது என்ற அச்சம் ஆகிய இரண்டும் 1885இலும் உண்டு, 1970இலும் உண்டு. முந்தியதற்கு நோய் இருந்தது, பிந்தியதற்கு நோய் இல்லை. படம் இரண்டையும் ஒரே தெருவில் நிறுத்திவிட்டது.

படம் காணத் தவறியதும் உண்டு. இவ்விரு படங்களிலும் தொற்று வலிமையுள்ளவர்களைப் பிடித்து வீதியில் ஓடவிடுகிறது. ஊசியை நம்பாத தாய் எங்கும் இல்லை. கதவுக்குப் பின்னால் நிகழ்வதைக் காட்ட மலிவுப் படத்திற்கு வழியில்லை. அங்கே ஓட்டமும் இல்லை, கூச்சலும் இல்லை.

2020ஆம் ஆண்டின் இளவேனிலில் கொரோனாப் பெருந்தொற்று கனடாவை அடைந்தபோது, மிகக் கடுமையாகத் தாக்குண்ட பெருநகரம் மான்ட்ரியல்தான். அடுத்த ஆண்டு ஜனவரி 9ஆம் நாள் முதல் கியூபெக்கில் இரவு எட்டு மணிக்கு மேல் ஊரடங்கு வந்தது. வெறிச்சோடிய தெருக்களைக் கண்ட பலருக்கும் பழைய படங்கள் நினைவுக்கு வந்திருக்கும். ஆனால் முதல் அலையில் இறந்தவருள் மிகப் பெரும்பாலோர் தெருவில் இறக்கவில்லை. முதியோர் பராமரிப்பு இல்லங்களில், பணியாளர் நோயுற்றோ அஞ்சியோ வாராதொழிந்த நாட்களில், படுக்கையிலேயே இறந்தனர். 2020 ஏப்ரலில் மாநில அரசு படையினரை அழைத்தது. படைவீரர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர். இம்முறை அவர்கள் கையில் துப்பாக்கி இல்லை. முகக்கவசம் அணிந்து, பெயர் தெரியாத கிழவர்க்கும் கிழவியர்க்கும் உணவூட்டினர், அறைகளைத் துடைத்தனர், படுக்கையைத் திருத்தினர்.