இலையற்ற காலத்தைத் தாண்டும் இரண்டு பச்சை அந்துப்பூச்சிகள்

வட அமெரிக்கக் காடுகளின் லூனாவையும் நம் நாட்டுக் காடுகளின் செலீனையும் ஒரே கண்ணாடிப் பெட்டியில் வைத்தால், ஒன்றைப் பார்த்தே மற்றொன்றை வரைந்தார்களோ என்று தோன்றும். இரண்டுக்கும் வெளிறிய தளிர்ப் பச்சை. இரண்டுக்கும் முன்சிறகின் மேல்விளிம்பில் கருஞ்சிவப்புக் கோடு. சிறகுக்கு ஒரு கண்புள்ளி. லூனாவின் சிறகு விரிப்பு ஏறத்தாழ 10 செ.மீ.; செலீன் 12 செ.மீ.யையும் தாண்டும். செலீனின் வாலும் நீளம், அதில் இளஞ்சிவப்புச் சாயலும் உண்டு.

அந்த வால் வெறும் அழகுக்கானது அன்று. நுனியில் முறுக்கிய வால், பறக்கையில் சுழன்று, தான் திருப்பும் எதிரொலியால் வௌவாலின் தாக்குதலைத் தன் பக்கம் இழுக்கிறது. 2015இல் வெளிவந்த ஆய்வொன்றில், வால் வெட்டப்பட்ட லூனாக்களில் 81 விழுக்காட்டை வௌவால்கள் பிடித்தன. வாலுள்ளவற்றில் பிடிபட்டவை சுமார் 35 விழுக்காடே. வால் கிழிந்தாலும் பூச்சி பறந்துவிடும். சோதனை லூனாவை வைத்து நடந்தது என்றாலும், அதைவிட நீண்ட வாலோடு வௌவால் திரியும் இரவில் பறக்கும் செலீனுக்கும் அதே கணக்குத்தான் என்று கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை.

இவ்வளவு ஒத்துப்போகும் இவை, பிறக்கும்போது வேறு வேறு. லூனாவின் புழு முட்டையிலிருந்தே பச்சையாக வருகிறது. செலீனின் புழு சிவப்பும் கறுப்புமாக, எறும்போ என்று ஐயுறும்படி வருகிறது. தோலுரிக்க உரிக்க அந்த நிறம் மறைந்து, கடைசியில் இரண்டும் விரல் பருமனுள்ள பச்சைப் புழுக்களாகின்றன. லூனாப் புழுவைச் சீண்டினால் தாடையால் ‘டிக் டிக்’ என்று ஒலியெழுப்பிவிட்டு, உண்டதைக் கக்கும்.

உணவிலும் பிரிவு உண்டு. லூனா வடக்கே பிர்ச் மரத்திலும் தெற்கே வால்நட், ஹிக்கரியிலும் வளர்கிறது. செலீன் விரும்பும் மரங்களில் ஒன்று நம் ஒதியன். பெருத்தாலும் உத்தரத்துக்கு ஆகாது என்று பழமொழி தள்ளிவைத்த மரம், இந்தியாவின் மிக அழகிய பூச்சிகளுள் ஒன்றுக்குச் சோறு போடுகிறது!

நான் எதிர்பாராத உறவு இங்கேதான் தெரிந்தது. பிர்ச்சைப் பனி மொட்டையடிக்கிறது. ஒதியனை வறட்சி மொட்டையடிக்கிறது. காரணம் நேர்மாறு, புழுவுக்கு விளைவு ஒன்றே: தளிர் வரும்வரை சாப்பாடில்லை. பகல் குறுகுவதை உணர்ந்த லூனா, இலைகளுக்கிடையே மெல்லிய கூடு கட்டி, உதிரும் இலையோடு தரையிறங்கிக் கூட்டுப்புழுவாகவே குளிரைக் கழிக்கிறது. கனடாவில் ஆண்டுக்கு ஒரு தலைமுறை. அமெரிக்காவின் தென்பகுதியில் மூன்று வரை. செலீனுக்கும் ஒரே ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட தலைமுறைகள் உண்டு.

வெளிவந்த பிறகு இரண்டுக்கும் உண்ணும் வாயில்லை. புழுவாய்த் தின்று சேர்த்ததை வைத்தே ஒரு வாரம் போல வாழ்ந்து, இணைந்து, முட்டையிட வேண்டும். பெண் மணத்தை விடுகிறது. இறகு போன்ற உணர்கொம்பால் ஆண் அதை முகர்ந்து தேடி வருகிறது. ஆகவே இவற்றைக் காக்க நினைப்பவர்கள் பூச்செடி நட்டுப் பயனில்லை. அங்கே தோட்டத்துச் சருகைக் கூட்டி எரிக்காமலும், இங்கே வேலியோர ஒதியனை வெட்டாமலும் விட வேண்டும்.