மேடைக்கு வந்த ஒப்பாரி

1896ஆம் ஆண்டுக் கோடையில் வோல்கா நதிக்கரை நகரமான நீஷ்னி நோவ்கரோதில் அனைத்து ரஷ்யக் கண்காட்சி நடந்தது. மாக்சிம் கார்க்கி அப்போது நாளிதழ்களுக்குச் செய்தி எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்த இளைஞர். 'தாய்' நாவல் எழுத இன்னும் பத்து ஆண்டுகள் இருந்தன. அந்தக் கோடையில் அவர் எழுதிய இரண்டு கட்டுரைகளை நான் எப்போதும் சேர்த்தே வாசிக்கிறேன். ஒன்று, லூமியேர் சகோதரர்களின் சலனப்படத்தைப் பார்த்துவிட்டு எழுதியது. நிறமும் சத்தமும் இல்லாத நிழல்களின் ராஜ்யமாக அது அவருக்குத் தோன்றியது. மற்றொன்று, மேடையில் ஒப்பாரி பாடிய ஒரு கிழவியைப் பற்றியது. நிழல்கள் ஊமையாக ஓடிய அதே ஊரில், எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண்ணின் குரல் அரங்கை அழவைத்தது. சினிமாவின் வரலாறு எழுதுகிறவர்கள் முதல் கட்டுரையைத் தவறாமல் சொல்வார்கள். இரண்டாவதைச் சொல்பவர்கள் குறைவு.

அந்தக் கிழவி இரீனா ஃபெதோசவா. வட ரஷ்யாவில் ஒனேகா ஏரியை ஒட்டிய கிராமமொன்றில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதில் குதிரையிலிருந்து விழுந்து கால் ஊனமானது. பத்தொன்பது வயதில் அறுபது வயது விதவனுக்கு வாழ்க்கைப்பட்டு, பின்னர் தாலியறுத்தவர் என்று நம் ஊரில் சொல்வார்கள். அங்கே தாலி இல்லை, மற்றதெல்லாம் இருந்தது. பிறகு ஒரு தச்சரை மணந்தார். ஊரில் சாவென்றாலும் கல்யாணமென்றாலும் அவரைக் கூப்பிட்டு விடுவார்கள்.

கல்யாணத்துக்கு ஒப்பாரியா என்று மாணவிகள் கேட்பார்கள். வட ரஷ்யக் கிராமங்களில் பிறந்த வீட்டை விட்டுப் போகும் மணப்பெண் அழுதே ஆக வேண்டும். தன் பெண்மைச் சுதந்திரம் முடிந்துபோவதைப் பாட்டாகச் சொல்லி அழ வேண்டும். அவளுக்கு வார்த்தை எடுத்துக்கொடுக்கவும், அவளுடைய குரலாகவே நின்று பாடவும் ஒருத்தி தேவைப்பட்டாள். சிறுமியாக இருந்தபோதே ஃபெதோசவா அந்த வேலையைச் செய்தார். பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போகப்படும் பையன்களுக்கும் ஒப்பாரி உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் படைச் சேவை இருபத்தைந்து ஆண்டுகள். உயிரோடு இருக்கும் மகனுக்குத் தாய் சாவுப்பாட்டுப் பாடுவதில் மிகை எதுவும் இல்லை.

1867இல் எல்பிதிஃபோர் பார்சவ் என்ற இறையியல் பள்ளி ஆசிரியர் பெத்ரஸவோத்ஸ்க் நகரில் அவரைக் கண்டடைந்து, அவர் சொல்லச் சொல்ல எழுதினார். 'வடபகுதியின் ஒப்பாரிகள்' என்ற தொகுப்பின் முதல் பாகம் 1872இல் வந்தது. அதில் ஊர்த் தலைவர் ஒருவரின் சாவுக்குப் பாடிய ஒப்பாரி இருக்கிறது. செத்தவரை எண்ணி அழத் தொடங்கும் பாட்டு, வரி வசூலிக்க வந்து குடியானவர்களை வதைக்கும் அதிகாரியை நோக்கித் திரும்புகிறது. வேறெங்கும் வாய் திறக்க முடியாத ஒருத்தி பிணத்தின் அருகில் நின்று அரசாங்கத்தைத் திட்டலாம். துக்கம் அவளுக்குக் கொடுத்த உரிமை அது. நம் ஒப்பாரிக்காரிகளும் மாமியாரையும் கொழுந்தனையும் பங்காளியையும் அந்த இடத்தில்தானே பேசித் தீர்க்கிறார்கள்.

கவிஞர் நெக்ராசவ் அந்த முதல் பாகத்தை வாசித்தார். 'ரஷ்யாவில் யார் மகிழ்ச்சியாக வாழ்கிறார்கள்' என்ற அவருடைய நெடுங்கவிதையில் மத்ரியோனா என்ற விவசாயப் பெண் பேசும் பகுதிக்கு ஃபெதோசவாவின் ஒப்பாரிகளிலிருந்து எடுத்துக்கொண்டார். ரஷ்ய இலக்கியத்தில் உழைக்கும் பெண்ணின் மகத்தான குரல் என்று அந்தப் பகுதியைக் கொண்டாடுவார்கள். கொண்டாடத் தகுந்ததுதான். ஆனால் கவிதையின் அட்டையில் நெக்ராசவ், தொகுப்பின் அட்டையில் பார்சவ்.

இதை அவர்கள் ஊர்க் கதையாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை. நம் பல்கலைக்கழகங்களின் நாட்டார் வழக்காற்று ஆய்வேடுகளில் கடைசிப் பக்கங்களைப் புரட்டுங்கள். 'தகவலாளர் பட்டியல்' இருக்கும். பெயர், வயது, ஊர், சாதி, தொழில். முந்நூறு வரி ஒப்பாரியைத் தானே கட்டிப் பாடியவளுக்குத் தொழில் 'கூலி' அல்லது 'வீட்டு வேலை'. 'கவிஞர்' என்று எழுதிய ஒரு பட்டியலை நான் இதுவரை பார்த்ததில்லை.

1895இல் ஃபெதோசவாவைப் பீட்டர்ஸ்பர்கிற்கு அழைத்துச் சென்றார்கள். அதன்பின் மாஸ்கோ, நீஷ்னி, கசான். 1896இல் மாஸ்கோவில் ஃபோனோகிராஃப் கருவியின் மெழுகு உருளையில் அவர் குரலைப் பதிந்தார்கள். இளம் பாடகர் ஷல்யாப்பின் அவரைக் கேட்டார். ரிம்ஸ்கி-கோர்சகவ் மெட்டுகளைக் குறித்துக்கொண்டார். கனவான்கள் கைதட்டினார்கள். ஒப்பாரிக்குக் கைதட்டுவது எவ்வளவு விசித்திரமான காரியம்! சாவு வீட்டில் அவர் பாடினால் வீட்டுப் பெண்கள் சேர்ந்து அழுவார்கள், அழுது ஆறுவார்கள். அரங்கில் யாருடைய பிணமும் இல்லை. அழுகை ஒரு காட்சிப்பொருளாகிறது. ஆனாலும் அந்த மேடையை வேண்டாமென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அழைக்கப்படாமலே 1899இல் அவர் இறந்திருந்தால், ஒரு தொகுப்பாளரின் ஏட்டில் மட்டும் இருந்திருப்பார். எழுபதை நெருங்கிய வயதில் தலைநகரத்து அரங்கில் தன் பெயரோடு உட்கார்ந்து பாடியது வேறு விஷயம்.

இருபது ஆண்டுகள் கழித்து இன்னொரு கிழவி வந்தார். இந்த முறை அழைத்துவந்தது ஒரு பெண். ஓல்கா ஒசரோவ்ஸ்கயா கணிதம் படித்தவர், மெந்தெலேயெவ் தலைமையில் எடை, அளவை நிறுவனத்தில் வேலை பார்த்தவர், பிறகு மேடைக் கதைசொல்லி ஆனவர். 1915 கோடையில் வடக்கே பினேகா நதிக்கரைக் கிராமத்தில் மரியா கிரிவபலேனவாவைச் சந்தித்தார். குள்ளமான உருவம், எழுபதைத் தாண்டிய வயது, வீடு வீடாகப் போய்ப் பிச்சையெடுத்து ஜீவனம். தாத்தாவிடம் கற்ற பழைய வீரகதைப் பாடல்கள் அவரிடம் இருந்தன. இத்தனைக்கும் 1900இலேயே அலெக்சாந்தர் கிரிகோரியெவ் என்ற அறிஞர் அவற்றைப் பதிவு செய்திருந்தார். நூல் வெளிவந்தது. பாட்டி தொடர்ந்து பிச்சையெடுத்துக்கொண்டிருந்தார்.

ஒசரோவ்ஸ்கயா ஏட்டோடு நிற்காமல் ஆளையே அழைத்துவந்தார். மாஸ்கோ பாலிடெக்னிக் அருங்காட்சியக அரங்கிலும் பெத்ரொகிராதிலும் தெற்கு நகரங்களிலும் பாட்டி பாடினார். தலையில் கைக்குட்டை கட்டிய இந்தச் சின்னக் கிழவி மேடையில் மிரளவில்லை. வேடிக்கைப் பாட்டின் பல்லவியைக் கூட்டத்தையும் சேர்ந்து பாடவைத்தார். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. கிராமத்து முற்றத்தில் கேட்பவர்களிடம் என்ன எதிர்பார்ப்பாரோ, அதையே நகரத்தாரிடமும் கேட்டு வாங்கிக்கொண்டார். சும்மா உட்கார்ந்து ரசிக்க அவர்களை விடவில்லை.

1916இல் ஒசரோவ்ஸ்கயா வெளியிட்ட நூலின் தலைப்பு 'பாட்டியின் பழம்பாடல்கள்'. அதே ஆண்டு சிற்பி கோனென்கவ் அவரை மரத்தில் செதுக்கி, 'குறிசொல்லும் கிழவி' என்ற பொருளில் பெயரிட்டார். இரண்டு தலைப்புகளிலும் மரியா இல்லை. அன்பாக அழைத்தாலும் பெயர் போய்விடுகிறது.

அவர் 1924இல் இறந்தார். அவரிடமிருந்து மட்டுமே கிடைத்த ஒரு பாடல் உண்டு. நெனீலா என்ற விதவையின் மகன் வவீலா, உழுதுகொண்டிருக்கிறான். ஊர் ஊராகப் போகும் கூத்தாடிகள் வந்து, நாய் ராஜாவை ஆட்டத்தால் வெல்லப் போகிறோம், நீயும் வா என்கிறார்கள். கூத்தாடிகளை 1648இல் ஜார் மன்னரே ஆணை போட்டு ஒடுக்கியிருந்தார். பாட்டில் அவர்கள் தோற்பதில்லை. அவர்கள் வாசிக்க வாசிக்க நாய் ராஜாவின் நாடு ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை எரிகிறது. வவீலா அந்த அரியணையில் உட்கார்ந்து, அம்மாவையும் அங்கே அழைத்துக்கொள்கிறான்.