இன்கோனெல் 718

நிக்கலை முதன்மையாகக் கொண்ட உயர்வலிமைக் கலப்புலோகம். எடையில் 50 முதல் 55 விழுக்காடு நிக்கல், 17 முதல் 21 விழுக்காடு குரோமியம், 5 விழுக்காட்டை ஒட்டி நையோபியம், 3 விழுக்காட்டை ஒட்டி மாலிப்டினம். டைட்டானியமும் அலுமினியமும் கொஞ்சம். மீதி பெரும்பாலும் இரும்பு. ஏறத்தாழ 650 பாகை செல்சியஸ் வரை வலுக்குன்றாது. விமான எஞ்சினின் வட்டுகள், உறைகள், போல்ட்டுகள், ராக்கெட் எஞ்சினின் பம்புகள், எண்ணெய்க் கிணற்றுக் கருவிகள் எனப் பல இடங்களில் பயன்படுகிறது. இதைவிடக் கூடுதல் வெப்பம் தாங்கும் நிக்கல் கலவைகள் பல உண்டு. இருந்தும் அவற்றையெல்லாம் இது முந்தியதற்கு வலிமையைத்தான் காரணம் சொல்வார்கள். வரலாற்றைப் பார்த்தால், பட்டறைக்காரர் சொல்வதற்கு இணங்கிய குணமே பெரிய காரணம் என்று தோன்றுகிறது.

நிக்கலும் குரோமியமும் சேர்ந்தால் சூட்டில் எளிதில் பொசுங்காது என்பது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தெரிந்திருந்தது. மின்னடுப்புக் கம்பிக்கான நிக்ரோம் அப்போது பிறந்ததுதான். 1930களில் இன்கோனெல் என்ற பெயர் வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் ஜெட் எஞ்சின் உருவானபோது, டைட்டானியமும் அலுமினியமும் கலந்த நிமோனிக் 80 என்ற கலவை 1941இல் தயாரானது. சூடேற்றினால் அதனுள் நுண்ணிய படிவுகள் தோன்றி உலோகத்தை இறுக்கும். வலிமைக்குக் குறைவில்லை. தொல்லை பற்றவைப்பில் வந்தது. இவ்வகைக் கலவைகள் மிக விரைவாக இறுகுவதால், வெல்டிங் செய்த பாகத்தை மறுபடி உலையில் வைத்ததும் பற்றவைத்த இடத்தின் அருகே விரிசல் விழுந்தது.

அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாநிலத்து ஹண்டிங்டன் நகரில் இருந்த இன்டர்நேஷனல் நிக்கல் நிறுவன ஆலையில் 1950களில் ஹெர்பர்ட் ஐசல்ஸ்டீன் தேடியது விமானத்துக்கான உலோகத்தை அல்ல. அனல்மின் நிலைய நீராவிக் குழாய்க்கு ஏற்ற, வெல்டிங் செய்யத்தக்க ஒரு கலவையை. நையோபியத்தைக் கூட்டியபோது உலோகம் இறுகியது, ஆனால் நிதானமாக இறுகியது. இந்த மந்தத்தன்மைதான் 718இன் உயிர்நாடி. வெல்டிங் சூட்டில் உண்டாகும் இழுவிசை தணியும்வரை அது இறுகாமல் பொறுத்திருக்கும். 1962இல் காப்புரிமை கிடைத்தது. பிளாக்பேர்ட் உளவு விமானத்தின் ஜே58 எஞ்சின் உறைகளில் வெல்டிங் விரிசலோடு மல்லாடிக்கொண்டிருந்த பிராட் அண்ட் விட்னி நிறுவனம் உடனே இதன் பக்கம் திரும்பியது. நீராவிக் குழாய்க்காகப் பிறந்தது வானத்தில் பிழைத்துக்கொண்டது.

இறுகும் விதம் இது: மூன்று நிக்கல் அணுவுக்கு ஒரு நையோபியம் அணு என்ற கணக்கில், நானோமீட்டர் அளவிலான வட்டத் தகடுகள் உலோகத்துக்குள் படிகின்றன. சுற்றியுள்ள படிக அடுக்கோடு அவை சரியாகப் பொருந்துவதில்லை. அந்தப் பொருந்தாமையால் எழும் இறுக்கம் உலோகத்தை வளையவிடாமல் தடுக்கிறது. வழக்கமான பக்குவம், முதலில் 980 பாகையை ஒட்டிச் சூடாக்கிக் குளிர்வித்தல். பிறகு 720 பாகையில் 8 மணி நேரம், உலைக்குள்ளேயே 620க்கு இறக்கி ஏறத்தாழ இன்னொரு 8 மணி நேரம். அடித்துருவாக்கிய பாகம் இப்படிப் பக்குவப்பட்டால் அதன் நெகிழ்வு வலிமை 1,000 மெகாபாஸ்கலைத் தாண்டும். கட்டடங்களில் போடும் சாதாரண எஃகைப்போல் நான்கு மடங்கு. 650 பாகைக்கு மேல் நெடுநேரம் வைத்தால் அந்தத் தகடுகள் வேறொரு உருவுக்கு மாறிப் பருத்துவிடும், வலிமை கரையும்.

வலிமை தந்த நையோபியமே உருக்குபவருக்குத் தலைவலி. கட்டி உறையும்போது அது சீராகப் பரவாமல் கடைசியாக உறையும் திரவத்தில் ஒதுங்கும். ஆகவே உயர்தர வட்டுகளுக்கு மூன்று முறை உருக்குகிறார்கள்: வெற்றிடத்தில் மின்தூண்டல் உலை, அடுத்து கசடு வழியே மறு உருக்கு, இறுதியாக வெற்றிடத்தில் மின்வில் மறு உருக்கு. அப்படியும் நையோபியம் குறைந்த வெண்புள்ளிகள் எப்போதாவது தங்கிவிடும். 2016 அக்டோபர் 28 அன்று சிகாகோவில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் போயிங் 767 மேலெழ ஓடிக்கொண்டிருந்தபோது அதன் வலது எஞ்சின் வட்டு உடைந்து சிதறியது. வட்டு 718ஆல் ஆனது. உள்ளே கசடு கலந்த ஒரு வெண்புள்ளி. ஒரு துண்டு ஏறக்குறைய 900 மீட்டர் தள்ளியிருந்த கிடங்கின் கூரையைப் பிய்த்துக்கொண்டு விழுந்தது. விமானம் தீப்பிடித்தாலும் அதிலிருந்த 170 பேரும் உயிர் தப்பினர்.

கடைசல் வேலைக்கும் இது எளிதல்ல. உளி பட்ட மேற்பரப்பு மேலும் கெட்டிப்படும், சூடு உளிமுனையிலேயே தங்கும். லேத்தை மெதுவாக ஓட்டி, குளிர்நீரைத் தாராளமாகப் பாய்ச்சத்தான் வேண்டும்.

மலேசியாவின் மலாக்கா மாநிலத்து வாசகருக்கு நிக்கல் கலவைகள் தொலைவில் இல்லை. அலோர் காஜா மாவட்டத்தில் 2022இல் முழுமையாக இயங்கத் தொடங்கிய எட்ரா எரிவாயுச் சுழலி மின்நிலையத்தின் திறன் 2,242 மெகாவாட். மூன்று பெரிய ஜெனரல் எலெக்ட்ரிக் சுழலிகள். இத்தகைய சுழலிக்குள் நுழையும் வாயுவின் வெப்பம் 1,400 பாகையைத் தாண்டும். 718 உருகுவதே 1,260 முதல் 1,340 பாகைக்குள். எனவே முன்வரிசை அலகுகளில் அதற்கு இடமில்லை. அங்கே நிற்பவை வார்த்தெடுத்து, உள்ளே காற்றோட்டிக் குளிர்விக்கும் வேறு நிக்கல் கலவைகள். 718 போன்றவை அந்த அலகுகளைச் சுமந்து சுழலும் வட்டுகளுக்கு உரியவை. மூலப்பொருளைப் பொறுத்தவரை, உலகில் தோண்டும் நிக்கலில் பாதிக்கு மேல் பக்கத்து இந்தோனேசியாவில்தான் கிடைக்கிறது. அதில் பெரும்பகுதி துருப்பிடிக்காத எஃகுக்கும் பேட்டரிக்கும் போய்விடுகிறது. நையோபியத்துக்கு உலகம் பிரேசிலை நம்பியிருக்கிறது.

இந்தியாவில் ஐதராபாத்தின் மிதானி நிறுவனம், 1973இல் தொடங்கப்பட்டது, இக்கலவையை சூப்பர்னி 718 என்ற பெயரில் தயாரிக்கிறது. தமிழர் அதிகம் கேள்விப்பட்டிருப்பது சென்னை ஐ.ஐ.டி.யில் வளர்ந்த அக்னிகுல் காஸ்மாஸ் நிறுவனத்தைத்தான். ஸ்ரீநாத் ரவிச்சந்திரன், மொயின் ஆகியோர் பேராசிரியர் சத்யநாராயணன் சக்கரவர்த்தியோடு சேர்ந்து 2017இல் தொடங்கியது. அவர்களது அக்னிலெட், மண்ணெண்ணெயும் திரவ ஆக்சிஜனும் எரிக்கும் எஞ்சின். இன்கோனெல் கலவைத் தூளை லேசர் கொண்டு அடுக்கடுக்காக உருக்கி, இணைப்பே இல்லாமல் ஒரே துண்டாக அச்சிட்டது. 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அதைத் தாங்கிய சோதனை ஏவூர்தி பறந்தது.

லேசர் அச்சு என்பது ஒரு வகையில் ஆயிரமாயிரம் நுண்ணிய வெல்டிங்குகளின் அடுக்கு; விரைவில் இறுகி விரிசல் விடும் கலவைகள் அதில் சிரமப்படுகின்றன, 718 தாக்குப்பிடிக்கிறது. அதற்காகப் பழைய உலைப் பக்குவத்தை அப்படியே பின்பற்ற முடியாது. அச்சில் உலோகம் நொடிப்பொழுதில் உறைவதால் நையோபியம் நுண்ணிய அளவில் ஒதுங்கி, எளிதில் உடையும் படிவுகளாகத் தங்குகிறது. அவற்றைக் கரைக்க 980 பாகை பெரும்பாலும் போதாமல், 1,000க்கு மேலே ஏற்றிச் சீராக்கிய பிறகே இறுக்கும் சூட்டைக் கொடுக்கிறார்கள். உள்ளிருக்கும் நுண்துளைகளை மூட, சூட்டோடு ஆர்கான் வாயுவின் உயரழுத்தத்தையும் சேர்ப்பதுண்டு. அச்சிட்ட 718க்கென அமெரிக்க ஏ.எஸ்.டி.எம். அமைப்பு தனித் தர விதியை 2014இல் வெளியிட்டது.