ஜொகூர்த் தரைப்பாலம்

ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸையும் இணைத்து, இடையிலுள்ள ஜலசந்தியின் குறுக்கே ஏறத்தாழ 1 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் கருங்கல் அணைக்கரை. பல நிபந்தனைகளுக்கு ஒருங்கே இசையும் கட்டுமானப் பொருளைத் தேர்வதற்கு உத்தமமான உதாரணம்.

ரயில் பெட்டிகளைப் படகிலேற்றிக் கடத்திய முறை பெருகிவந்த சரக்குக்கு ஈடுகொடாதபோது, பாலமா, அணைக்கரையா என்ற ஆலோசனை எழுந்தது. எஃகு, எடைக்கு மிஞ்சிய வலிமையுடையதாயினும், தூரதேசத்திலிருந்து கப்பலேறி வரவேண்டியதும், உவர்க்காற்றில் துருவேறுவதால் ஓயாத வர்ணப்பூச்சைக் கோருவதுமாகும். கருங்கல்லோ, இழுவிசைக்கு எளிதில் முறிவதாயினும், குவித்த கரையில் அமுக்கவிசையே பிரதானமாதலால் அக்குறை பாதகமாவதில்லை, துருவும் அதற்கில்லை, அண்மையிலுள்ள புலாவ் உபின், புக்கித் தீமா கல்லுடைப்புகளிலேயே அது தாராளமாகக் கிடைத்தது. எனவே பராமரிப்பு, செலவு, தூரம் ஆகிய மூன்றும் கல்லின் பக்கமே சாய்ந்தன.

ஆயினும் ஒரு குணத்தைப் பெறுவதற்கு மற்றொன்றை இழக்கவேண்டும் என்பது பொருள் தேர்வின் நியதி. கரை நீரோட்டத்தை மறித்தது. படகுகளுக்கென மதகுக் கால்வாய் ஒன்று அமைக்க நேர்ந்தது. 1919-இல் தொடங்கிய பணி முடிந்து, 1924 ஜூன் 28 அன்று முறைப்படி திறப்புவிழாக் கண்டது. தனிப்பட்ட வலிமையைவிட இடத்துக்கும் காலத்துக்கும் உரிய பொருத்தமே மேலானது என்பதற்கு இக்கரை நிரந்தர சாட்சியாகும்.